யு.எஸ்.பி. டிஸ்க் தெரியவில்லையா? அழிக்கும் முன் ஐந்து சோதனைகள்

உத்திரமேரூர்க் கடைவீதியில் கடை வைத்திருக்கும் நமக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. குடவோலைக்கு யார் தகுதியுள்ளவர், யார் தகுதியற்றவர் என்று விவரமாகக் கூறுபவை. அவற்றில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய உறவினர்களும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள் என்பதே அது. கணக்கைக் காட்ட முடியாதவனுக்கு ஊரில் மதிப்பில்லை என்பது நம் ஊரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதப்பட்ட சட்டம்.

இன்றைய சட்டமும் அதையேதான் கேட்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திரப் படிவம் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக் கணக்கு என்றால், கடைசி நாள் 31-12-2024. ஆகவே 2030 டிசம்பர் முடியும்வரை அது நம் கையில் இருந்தாக வேண்டும். கணினியில் கணக்கு வைப்போருக்கு 57-வது விதி மேலும் ஒன்று சொல்கிறது. விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ கணக்கு அழிந்தாலும், நியாயமான காலத்துக்குள் அதைத் திரும்ப எடுக்கும்படி மாற்றுப் பிரதி வைத்திருக்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் நம் மாவட்டத்திலும் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. இவற்றைப் பார்த்த பிறகு மாற்றுப் பிரதி எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேள்வி வேறு: பிரதி எடுத்து வைத்த டிஸ்க்கையே கணினி ‘தெரியாது’ என்று சொன்னால் என்ன செய்வது?

எங்கள் கடையில் நடந்தது

எங்கள் மளிகைக் கடையில் பில் போடும் கணினி முன்பக்கம் இருக்கிறது. பின்கட்டில், ஏ.டி.எம். அட்டை அளவே உள்ள ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றும், அதில் யு.எஸ்.பி. வழியாக மாட்டிய ஒரு ஹார்ட் டிஸ்க்கும் உள்ளன. இரவு கடை அடைக்கும்போது அன்றைய கணக்கின் பிரதி முன்கணினியிலிருந்து நெட்வொர்க் வழியாகப் பின்கட்டு டிஸ்க்குக்குப் போய்விடும். அண்ணன் மகன் ஏற்படுத்திக் கொடுத்த ஏற்பாடு இது.

தை மாதம் ஒரு நாள் மின்சாரம் ஏறி இறங்கியதில் சிறு கணினியின் அடாப்டர் எரிந்துபோனது. கல்லாப்பெட்டியில் கிடந்த செல்போன் சார்ஜரை மாட்டினேன். விளக்கு எரிந்தது, பிரதி எடுக்கும் வேலையும் ‘முடிந்தது’ என்று தினமும் சொன்னது. நான்கு மாதம் கழித்து வைகாசியில் ‘இடம் போதவில்லை’ என்ற செய்தி வந்தது. போய்ப் பார்த்தால் டிஸ்க்கே கணினிக்குத் தெரியவில்லை. கழற்றி அண்ணன் மகனுடைய விண்டோஸ் மடிக்கணினியில் மாட்டினோம். ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று அது கேட்டது.

“சித்தப்பா, ஃபார்மட் பண்ணிடட்டுமா?” என்றான்.

“வேண்டாம்பா, அதுல மூணு வருஷக் கணக்கு இருக்கு” என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் மனநிலையில் இருந்திருக்க மாட்டேன். பிறகு நாங்கள் பொறுமையாகச் செய்த சோதனைகளையே, செய்ய வேண்டிய வரிசைப்படி இங்கே தருகிறேன்.

சிறு கணினி பற்றி இரண்டு வார்த்தை

ராஸ்பெர்ரி பை என்பது இங்கிலாந்தில் உருவாகி, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. பெயரில் ‘பை’ இருப்பதால் மளிகைப் பை என்று எண்ண வேண்டாம். ஒரே அட்டையில் எல்லா உறுப்புகளும் அடங்கிய ஒற்றைப்பலகைக் கணினி இது. 2019-இல் 4-ஆம் வகையும், 2023-இல் 5-ஆம் வகையும் வந்தன. இதில் ஓடுவது லினக்ஸ் இயக்குதளம். அது ஒரு சிறு மெமரி கார்டில் இருக்கும். நம்மில் பலர் பயன்படுத்தும் விண்டோஸ் கணக்கு மென்பொருள்கள் இதில் நேரடியாக ஓடா. ஆனால் பிரதிகளைச் சேமித்து வைக்கும் காவல்காரனாக இதை வைத்துக்கொள்ளலாம். மின்செலவு மிகக் குறைவு.

முதல் சோதனை: மின்சாரம் போதுமா?

வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது கிணற்று மோட்டாரைப் போட்டால் என்ன ஆகும்? உறுமும், தண்ணீர் ஏறாது. யு.எஸ்.பி. டிஸ்க்கும் அப்படித்தான். அதற்குத் தனி மின்இணைப்பு இல்லை. சிறு கணினியிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சிறு கணினிக்கே போதாதபோது அது யாருக்குக் கொடுக்கும்?

4-ஆம் வகையில் நான்கு யு.எஸ்.பி. துளைகளும் சேர்ந்து தரக்கூடியது 1.2 ஆம்பியர்தான். அதற்கும் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். 5-ஆம் வகையில் 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் யு.எஸ்.பி.க்குக் கிடைப்பது 0.6 ஆம்பியர் மட்டுமே. அதற்கென உள்ள 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் 1.6 ஆம்பியர் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் முதல் சில நொடிகளில்தான் அதிக மின்சாரம் கேட்கும். டிஸ்க்கின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டில் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். கடன் கொடுக்கும் முன் பழைய பாக்கியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘என் செல்போன் சார்ஜர் 65 வாட் ஆயிற்றே’ என்று சிலர் கேட்கலாம். அந்த 65 வாட் உயர்ந்த வோல்டேஜில் கிடைப்பது. 5 வோல்டில் அத்தகைய சார்ஜர்கள் பெரும்பாலும் 3 ஆம்பியருக்கு மேல் தருவதில்லை. மெல்லிய, நீளமான கேபிள் என்றால் வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும்.

மின்சாரம் போதவில்லை என்பதைக் கணினியே சொல்லும். மானிட்டர் மாட்டியிருந்தால், திரையின் மேல்மூலையில் மின்னல் குறி தோன்றும் அல்லது ‘வோல்டேஜ் குறைவு’ என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு வரும். வோல்டேஜ் ஏறத்தாழ 4.63-க்குக் கீழே இறங்கினால் வரும் எச்சரிக்கை இது.

பரிகாரம் இரண்டு. ஒன்று, அந்த வகைக்கென்றே செய்த அடாப்டரைப் போடுவது. இரண்டு, தனி மின்இணைப்பு உள்ள யு.எஸ்.பி. ஹப் வாங்கி டிஸ்க்கை அதில் மாட்டுவது. மலிவான சில ஹப்கள் மின்சாரத்தைக் கணினிக்குள் பின்வாசல் வழியாகத் திருப்பி அனுப்பும். கணினியின் அடாப்டரை எடுத்த பிறகும் அதன் விளக்கு எரிந்தால் அந்த ஹப்பை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று ஓசை வந்தால்? மின்சாரக் குறைவாலும் வரலாம். உண்மையான பழுதாலும் வரலாம். நல்ல மின்சாரம் கொடுத்த பிறகும், வேறு கணினியில் மாட்டிய பிறகும் ஓசை நிற்கவில்லை என்றால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். தகவல் மீட்பு வேலை தெரிந்தவரிடம் அப்படியே ஒப்படைக்க வேண்டும்.

இரண்டாம் சோதனை: கேபிளும் துளையும்

டிஸ்க்கைப் பழி சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். மிளகாய்த்தூள், மாவு, உப்புக்காற்று எல்லாம் உலவும் மளிகைக் கடையில் துளைகளில் தூசி அடைவது சகஜம். கணினியை நிறுத்தித் தூசியை நீக்கி, வேறு துளையில் மாட்டிப் பாருங்கள்.

4, 5 ஆகிய வகைகளில் நீல நிறத் துளைகள் இரண்டும் வேகமான யு.எஸ்.பி. 3, கறுப்பு நிறத் துளைகள் இரண்டும் பழைய யு.எஸ்.பி. 2. நீலத் துளையில் தகராறு செய்யும் டிஸ்க் கறுப்புத் துளையில் ஒழுங்காக வேலை செய்தால், டிஸ்க் நன்றாக இருக்கிறது, கேபிளிலோ டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் இணைப்புச் சில்லிலோதான் கோளாறு என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

இன்னொரு விசித்திரம். நீலத் துளையில் டிஸ்க்கை மாட்டியதும் வைஃபை மந்தமாகும், அல்லது கம்பியில்லா மவுஸ் தடுமாறும். இது பேய் வேலை அல்ல. யு.எஸ்.பி. 3 வேலை செய்யும்போது எழும் மின்இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுகிறது என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே விளக்கியிருக்கிறது. டிஸ்க்கைச் சற்றுத் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சரியாகும். நெட்வொர்க் கேபிள் போட்டுவிட்டால் கவலையே இல்லை.

மூன்றாம் சோதனை: கணினி டிஸ்க்கைக் காண்கிறதா?

இதற்கு லினக்ஸில் மூன்று கட்டளைகள் போதும். மூன்றும் ஐந்தெழுத்து மந்திரங்கள். எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்துகள்.

முதலாவது எல்-எஸ்-யு-எஸ்-பி. யு.எஸ்.பி. துளைகளில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்ற பட்டியலைத் தரும். டிஸ்க்கைக் கழற்றி ஒருமுறையும் மாட்டி ஒருமுறையும் போட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை ஒரு வரி கூடவில்லை என்றால் குறை மின்சாரத்திலோ கேபிளிலோ டிஸ்க்கிலோ இருக்கிறது. மேலே போகாமல் முதல் இரண்டு சோதனைகளுக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாவது எல்-எஸ்-பி-எல்-கே. டிஸ்க், அதன் பகுதிகள், அளவு, எந்த ஃபோல்டரில் இணைந்திருக்கிறது என்ற விவரம் இதில் வரும். டிஸ்க் பெயர் இருந்து, கடைசிப் பத்தி காலியாக இருந்தால், சரக்கு லாரி வந்துவிட்டது, இன்னும் இறக்கவில்லை என்று பொருள்.

மூன்றாவது டி-எம்-இ-எஸ்-ஜி. இது கணினியின் நாள்வழி. சில கணினிகளில் இதற்கு முன்னால் எஸ்-யு-டி-ஓ என்று சேர்க்க வேண்டும். டிஸ்க்கை மாட்டியவுடன் போட்டுக் கடைசி வரிகளைப் படியுங்கள். வோல்டேஜ் குறைவு என்றால் முதல் சோதனை. ‘ரீசெட்’ என்ற சொல் மீண்டும் மீண்டும் வந்தால் மின்சாரம், கேபிள் அல்லது இணைப்புச் சில். ‘ஐ/ஓ எர்ரர்’ என்று தொடர்ந்து வந்தால் டிஸ்க்கே நோயில் இருக்கலாம். உடனே உள்ளதைப் பிரதி எடுக்க வேண்டும். ‘யு.ஏ.எஸ்.’ என்ற எழுத்துகளோடு ரீசெட் வந்தால், சில்லுக்கும் லினக்ஸுக்கும் பேச்சுவார்த்தை ஒத்துப்போகவில்லை எனலாம். அந்தச் சில்லுக்கு மட்டும் பழைய முறையில் பேசும்படி லினக்ஸில் ஒரு வரி சேர்க்க முடியும். இதைத் தொழில்நுட்பம் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம்.

நான்காம் சோதனை: டிஸ்க்கின் மொழி

ஒரே பேரேட்டைத் தமிழிலும் எழுதலாம், தெலுங்கிலும் எழுதலாம். படிப்பவருக்கு மொழி தெரியாவிட்டால் பேரேடு காலி என்று ஆகிவிடுமா? டிஸ்க்கில் எழுதும் முறைகளும் பல. பென் டிரைவ்களில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட், விண்டோஸில் என்.டி.எஃப்.எஸ்.; லினக்ஸில் எக்ஸ்ட்4.

எங்கள் டிஸ்க் எக்ஸ்ட்4 முறையில் எழுதப்பட்டது. அந்த மொழி தெரியாத விண்டோஸ், ஒன்றும் புரியாமல் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. எனவே, லினக்ஸ் கணினியில் இருந்த டிஸ்க்கை விண்டோஸில் மாட்டி, ஃபார்மட் கேள்வி வந்தால் ‘கேன்சல்’ என்ற பதிலைத் தவிர வேறு எதையும் அழுத்தக் கூடாது. ‘முதலில் ஃபார்மட் செய்வோம், பிறகு பார்ப்போம்’ என்பது, வீட்டை இடித்துவிட்டுப் பெட்டிச் சாவியைத் தேடுவதற்குச் சமம்.

வேறு இரண்டு சிக்கல்கள் இங்கே வரும். ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் இருக்க முடியாது. டிஸ்க்கில் இடம் இருந்தும் பெரிய ஃபைல் ஏறவில்லை என்றால் காரணம் இதுவே. இரண்டாவது, படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்ற நிலை. திடீர் மின்தடையிலோ, சொல்லாமல் பிடுங்கியதிலோ டிஸ்க்கின் உள்கணக்கு குழம்பியிருந்தால், மேலும் சேதம் வராதபடி லினக்ஸ் எழுதுவதை நிறுத்திவிடும். முதலில் உள்ளதை வேறிடத்தில் பிரதி எடுங்கள். பிறகு டிஸ்க்கை இணைப்பிலிருந்து விடுவித்து, எஃப்-எஸ்-சி-கே என்ற சரிபார்ப்புக் கட்டளையை ஓட்ட வேண்டும். இணைந்திருக்கும்போது ஓட்டக் கூடாது. என்.டி.எஃப்.எஸ். டிஸ்க் என்றால் விண்டோஸ் கணினியிலேயே சரிபார்ப்பது நல்லது.

ஐந்தாம் சோதனை: சரக்கு எந்தக் கிடங்கில் இறங்கியது?

எங்களை ஏமாற்றியது இதுதான். லினக்ஸில் டிஸ்க்கை ஒரு ஃபோல்டரோடு இணைப்பார்கள். இதற்கு ‘மவுண்ட்’ என்று பெயர். இணைப்பு இருக்கும்வரை அந்த ஃபோல்டரில் போடுவது டிஸ்க்குக்குப் போகும். இணைப்பு இல்லாவிட்டாலும் ஃபோல்டர் மட்டும் மெமரி கார்டில் இருக்கும். முன்கணினிக்கு வேறுபாடு தெரியாது. கிடங்குக் கதவு பூட்டியிருப்பது தெரியாமல், லாரிக்காரர் மூட்டைகளைத் திண்ணையில் இறக்கிவிட்டு ரசீதில் கையெழுத்து வாங்கிப் போனதைப் போன்றது.

நான் மாட்டிய சார்ஜரின் மின்சாரம் போதாமல் டிஸ்க் எழவில்லை. தையிலிருந்து வைகாசி வரை கணக்கெல்லாம் மெமரி கார்டில் இறங்கியிருக்கிறது. கார்டு நிரம்பியதால்தான் ‘இடம் போதவில்லை’ என்று வந்தது.

சரியான அடாப்டர் வாங்கிப் போட்டதும் டிஸ்க் எழுந்து இணைந்தது. பழைய மூன்று ஆண்டுக் கணக்கும் இருந்தது. ஆனால் கடைசி நான்கு மாதத்தைக் காணோம்! டிஸ்க் வந்து இணைந்ததும் அந்த ஃபோல்டரில் முன்பு இருந்தவை அதன் கீழே மறைந்துவிடும் என்பது பிறகுதான் விளங்கியது. டிஸ்க்கின் இணைப்பை விடுவித்தோம். நான்கு மாதக் கணக்கும் மெமரி கார்டு ஃபோல்டரில் அப்படியே இருந்தது. அவற்றை வேறு ஃபோல்டருக்கு மாற்றி, டிஸ்க்கை மீண்டும் இணைத்து, அதில் சேர்த்தோம். ஒரு பில் கூடத் தவறவில்லை.

இது மறுபடி நேராமல் இருக்க மூன்று காரியங்கள் செய்தோம். எஸ்-டி-ஏ, எஸ்-டி-பி என்று கணினி தரும் பெயர்கள் மாட்டும் வரிசையைப் பொறுத்து மாறும். வரிசையில் முதலில் நிற்பவரே எப்போதும் ஒரே வாடிக்கையாளராக இருக்க மாட்டார் அல்லவா? ஆகவே டிஸ்க்கின் நிரந்தர அடையாள எண்ணான யு.யு.ஐ.டி.யைக் கொண்டே இணைக்கிறோம். டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழும்பும்படி ‘நோஃபெயில்’ என்ற சொல் முன்பே இருந்தது. அதை வைத்துக்கொண்டு, டிஸ்க் இணைந்திருந்தால் மட்டுமே எழுதும்படி பிரதி எடுக்கும் ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை சேர்த்தோம். மூன்றாவதாக, மாதம் ஒருமுறை ஒரு பழைய பில்லைப் பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியை நம்புவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதாகும்.

பென் டிரைவ் வாங்கும்போது

நம்ப முடியாத மலிவு விலையில் பெரிய கொள்ளளவு என்று விற்கும் பென் டிரைவ்களில் போலிகள் உண்டு. உள்ளே இருப்பது சிறு சில். கணினியிடம் மட்டும் பெரிய அளவைச் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பும்வரை ஒழுங்காக இருக்கும். அதன்பின் எழுதுவது சேதமாகும், அல்லது பழையதன் மேலேயே எழுதப்படும். லினக்ஸில் எஃப்3 என்ற இலவசச் சோதனை நிரல் இருக்கிறது. புதிய பென் டிரைவ் முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லும். எடைக்கல்லுக்கு முத்திரை பார்க்கும் நாம் இதற்கும் ஒரு முத்திரை பார்க்க வேண்டாமா?

கடையில் ஒட்டி வைக்க

1) பிரதி எடுத்து முடிந்ததாகத் திரை காட்டினாலும் கொஞ்சம் தகவல் கணினியின் நினைவகத்திலேயே இருக்கலாம். ‘எஜெக்ட்’ செய்து, அனுமதி வந்த பிறகே டிஸ்க்கைக் கழற்ற வேண்டும்.

2) சிறு கணினியையும் டிஸ்க்கையும் சிறிய யு.பி.எஸ். ஒன்றில் இணைத்து வையுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும்.

3) டிஸ்க் இரண்டு வேண்டும். ஒன்று கடையில், மற்றொன்று வீட்டில். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் தண்ணீர் புகுந்தால் வீட்டில் உள்ளது காப்பாற்றும்.

4) டிஸ்க் தெரியவில்லை என்றால் மின்சாரம், கேபிள், கட்டளை, மொழி, இணைப்பு என்ற வரிசையில் பாருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

5) வேறு பிரதி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும்வரை ஃபார்மட் செய்யக் கூடாது. யார் சொன்னாலும் கூடாது.

காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் முன் இந்த ஐந்து சோதனைகளையும் செய்து பார்த்தால், பல நேரங்களில் பயணம் தேவைப்படாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வாழ்ந்தவர்கள் நாம். அளந்ததை எழுதி வைத்தோம். எழுதியதைக் கணினியில் ஏற்றினோம். ஏற்றியது பத்திரமாக இருக்கிறதா என்று இன்றிரவு கடை அடைக்கும் முன் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.